ஊர்க் கேபிள் தொழில் ஒரு ஆயுசுக்கு நிற்குமா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், பணகுடி, திசையன்விளை பக்கம் கேபிள் நடத்துகிறவர்களும், அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கிக்கொள்ளப் போகும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. முதலில் எளிய சந்தேகங்கள், போகப் போகச் சிக்கலானவை.

"அண்ணாச்சி, பழைய கேபிள்காரங்க எல்லாம் எந்தத் தொழில்லேருந்து வந்தாங்க?"

பெரும்பாலும் ரேடியோ ரிப்பேர் கடையும் மைக்செட்டும்தான் தாய்த்தொழில். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் இலங்கை வானொலி. ரெண்டையும் இழுத்துக் கொடுக்கத் தெரிந்தவர் கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும். ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

அடுத்து டிவி. கடற்கரை ஊர்களில் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிக்காகவும், உள்ளூர்களில் கொடைக்கானல் சிக்னலுக்காகவும் ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாகக் குழாயைச் சேர்த்து, ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டியது அதே ரேடியோக்காரர்தான். பிறகு கலர் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு விட்டார். 1991இல் ஸ்டார் டிவி வந்ததும், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும், மாடியில் டிஷ் வைத்துத் தெருவுக்கு வயர் இழுத்தார். பிற்பாடு செட்டாப் பாக்ஸ், இப்போது ஃபைபர். பெட்டி அஞ்சாறு தடவை மாறிவிட்டது. வீடுகளும் அந்த வீட்டுக்காரர்களின் பழக்கமும் மாறவில்லை. முப்பது நாற்பது வருஷம் நின்றவர்களின் சொத்து அதுதான். கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

"எம்.எஸ்.ஓ., எல்.சி.ஓ.ன்னு சொல்லுதாங்களே, அரசு கேபிள் இதுல எங்க வருது?"

சேனல்களை வானத்திலிருந்து இறக்கி, பூட்டி, மொத்தமாக அனுப்புகிறவர் எம்.எஸ்.ஓ. அதை வாங்கித் தெருவில் வயர் இழுத்து, வீட்டில் பாக்ஸ் வைத்து, மாதாமாதம் பணம் வசூலிக்கிறவர் எல்.சி.ஓ., அதாவது ஊர்க் கேபிள்காரர். 2017க்கு முன்னால் பலர் சொந்த டிஷ்ஷும் கண்ட்ரோல் ரூமும் வைத்திருந்தார்கள். டிஜிட்டல் கட்டாயமான பிறகு எம்.எஸ்.ஓ. பதிவு இல்லாமல் அப்படி நடத்த முடியாது.

அரசு கேபிள் என்பது தமிழக அரசு நடத்தும் எம்.எஸ்.ஓ. நிறுவனம் 2007இல் பதிவானது. முதலில் அமைந்த நான்கு கண்ட்ரோல் ரூம்களில் ஒன்று திருநெல்வேலி. 2011 செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய் என்று மறுபடி தொடங்கியது. 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது.

"பதிவு இன்னும் ஹெட் போஸ்டாபீஸ்ல தானா?"

இல்லை. 2025 ஜனவரி 17 அன்று விதி மாறியது. இப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் இணையவழியாகவே விண்ணப்பம். கட்டணம் 5,000 ரூபாய், செல்லுபடி ஐந்து வருடம். ஆதார், பான் விவரம் சரிபார்க்கப்படும். புதுப்பிக்க, காலாவதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முன்பு வருடாவருடம் தபாலாபீஸ் போகும் பழக்கத்தில் தேதி தானாக நினைவில் நின்றது. ஐந்து வருட இடைவெளியில் மறந்துவிடும் என்பதால், தேதியைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பானில் வேறு இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் அதைத் திருத்திவிட்டு உள்ளே போங்கள்.

"நூத்தி அம்பது ரூவா வாங்குதோமே, நமக்கு எவ்வளவுதான் நிக்கும்?"

2019 பிப்ரவரியில் வந்த புதிய கட்டண முறையில் இணைப்புக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு. எம்.எஸ்.ஓ.வோடு தனியாகப் பேசி முடிக்கவில்லையென்றால், 130இல் 55 சதவீதம் அவருக்கு, 45 சதவீதம் உங்களுக்கு. அதாவது ஒரு வீட்டுக்கு 58 ரூபாய் 50 காசு. 400 வீடு என்றால் 23,400 ரூபாய். கட்டணச் சேனல்களில் வரும் சிறு பங்கு இதற்கு மேல். கம்பத்து வாடகை, ஆள் சம்பளம், வயர், கரண்ட் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

2024 ஜூலையில் 130 என்ற உச்சவரம்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எடுத்துவிட்டது. ஆகவே பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பங்கு விகிதம் எழுத்தில் இல்லாதவர்கள் நிறைய. கட்டணத்தை ஏற்றும்போது ஏறிய தொகையில் உங்கள் பங்கு என்ன என்பதை அன்றே எழுதி வாங்க வேண்டும்.

"படம் கட்டம் கட்டமா உடையுது. பாக்ஸை மாத்தியும் சரியாவல."

பாக்ஸை மாற்றுவது கடைசி வேலை. முதலில் மீட்டரைப் பாக்ஸ் முனையில் வையுங்கள். சிக்னல் 55 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று காட்டும் எம்.இ.ஆர். என்ற அளவு 28க்கு மேல் இருந்தால் நிம்மதி. 24 பக்கம் இறங்கினால் உடையும். சிக்னல் 80ஐத் தொட்டாலும் படம் உடையும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆம்ப் (சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) பக்கத்து வீடுகளில் பாக்ஸ் மாற்றி மாற்றிச் சலிப்பது இதனால்தான். அங்கே தேவை, சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர்.

அடுத்து, எல்லாச் சேனலும் உடைகிறதா, சிலது மட்டுமா என்று பாருங்கள். மேல் அலைவரிசைச் சேனல்கள் மட்டும் உடைந்தால் வயர் நீளம் கூடுதல் அல்லது வயருக்குள் தண்ணீர். ஆர்.ஜி.6 வயர் 860 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபலைத் தின்னும், ஆர்.ஜி.11 சுமார் 13. ஆகவே 40 மீட்டருக்கு மேல் போகிற வீட்டுக்கு ஆர்.ஜி.6 போடாதீர்கள். கீழ் அலைவரிசை மட்டும் உடைந்தால் பெரும்பாலும் கனெக்டரின் வெளிக்கூடு தளர்ந்திருக்கும்.

ஒரு விசித்திரமான கேஸ்: யாராவது செல்போனை டிவி பக்கத்தில் வைத்துப் பேசும்போது மட்டும் ரெண்டு மூன்று சேனல் உடையும். 850 பட்டையில் போன் அனுப்பும் அலை 824 முதல் 849 மெகாஹெர்ட்ஸ். கேபிளிலும் அதே இடத்தில் சேனல்கள் ஓடுகின்றன. சுவரோரம் கிடக்கும் மட்டமான ஜம்பர் வயர் அதை உள்ளே விட்டுவிடுகிறது. அந்த ஒன்றரை மீட்டரை நல்ல பின்னல் உறையுள்ள வயராக மாற்றினால் போதும்.

"பங்குனியிலயும் புரட்டாசியிலயும் மத்தியானம் கொஞ்ச நேரம் எல்லாம் போயிருதே, ஏன்?"

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. சூரியனின் இரைச்சலில் டிஷ்ஷுக்குச் சேனல் காது கேட்காமல் போகிறது. நம் அட்சரேகைக்கு மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும், சில நாட்களுக்கு, நாளுக்குச் சில நிமிடம் இருக்கும். தமிழ்ச் சேனல்கள் பலவும் இறங்கும் 66 பாகை கிழக்குக் கோளுக்கு நமக்கு மதியம் ஒரு மணியை ஒட்டி வரும். அந்த நேரத்தில் யாரும் ஆம்ப்பைத் திருகக் கூடாது. தானாகப் போகும், தானாக வரும். முந்தின நாளே திரையில் ஓடும் எழுத்தாகப் போட்டுவிட்டால் போன் வராது.

"ஆடிக் காத்துலயும் கடல் காத்துலயும் லைன் தாங்க மாட்டேங்குது."

ரெண்டும் வேறு வேறு நோய். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றின் விசை. சொந்த டிஷ் உள்ளவர்களுக்கு: 12 அடி டிஷ்ஷின் பார்வை அகலம் ஒன்றரை பாகைக்கும் குறைவு. முக்கால் பாகை திரும்பினாலே சிக்னல் பாதியாகும். போல்ட்டில் ஸ்பிரிங் வாஷர் போட்டு, சித்திரையிலேயே இறுக்கிவிடுங்கள். வலை டிஷ் காற்றைக் குறைவாகப் பிடிக்கும். தெருவில் என்றால், கம்பத்துக்குக் கம்பம் வயரை விறைப்பாக இழுக்கக் கூடாது. தாங்குகம்பி சுமையை ஏற்க வேண்டும், வயர் அதில் சும்மா தொங்க வேண்டும். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டிகள் போகிற சாலையைக் கடக்கும் இடத்தில் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் உப்பு. கிரிம்ப் கனெக்டர் அங்கே ஒரு வருஷம் தாங்குவதே பெரிது. கம்ப்ரஷன் கனெக்டர் போட்டு, உள்ளே சிலிக்கான் ஜெல் வைத்து, மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும்.

"ஃபைபருக்கு மாறணும்னா ஒரு போர்ட்டுல எத்தன வீடு போடலாம்?"

64 வரை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்துப் போடக் கூடாது, வெளிச்சக் கணக்கைப் பார்த்துப் போட வேண்டும். கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓ.எல்.டி. பெட்டியின் போர்ட்டிலிருந்து 3 டிபிஎம் (வெளிச்சத்தின் அளவு) புறப்படுகிறது என்று வையுங்கள். 4 கிலோமீட்டர் ஃபைபருக்கு, கிலோமீட்டருக்கு 0.35 வீதம், 1.4 டெசிபல் போகும். 1:8 ஸ்பிளிட்டர் (ஒரு ஃபைபரை எட்டாகப் பிரிப்பது) ஒன்றுக்குச் சுமார் 10.5. ரெண்டு அடுக்கு போட்டால் 21. ஜாயின்ட், கனெக்டர் எல்லாம் சேர்த்து 1.5. மொத்தம் 23.9. வீட்டுக்கு வந்து சேர்வது கழித்தல் 20.9 டிபிஎம். வீட்டில் வைக்கும் ஓ.என்.யு. பெட்டி சுமார் கழித்தல் 27 வரை படிக்கும். ஆக 6 டெசிபல் கையிருப்பு.

கெடுவது எங்கே தெரியுமா? சந்தில் புதிதாக நாலு வீடு கேட்கிறார்கள் என்று, ஒரு வீட்டு ஃபைபரை வெட்டி இடையில் 1:4 ஸ்பிளிட்டர் சொருகுவார்கள். அது 7 டெசிபல். கையிருப்பு முழுக்கப் போய், கழித்தல் 27.9. நாலு வீட்டிலும் சிவப்பு விளக்கு எரியும், அல்லது ராத்திரி நன்றாக ஓடிப் பகல் வெயிலில் போகும். ஆகவே முதலிலேயே ஒவ்வொரு பெட்டியிலும் ரெண்டு முனையைக் காலியாக விட்டு வையுங்கள். எட்டுக்கு எட்டும் நிரப்பினால் அடுத்த வீட்டுக்கு இந்தத் தப்புதான் வழியாகும்.

டிவியையும் அதே ஃபைபரில் 1550 நானோமீட்டரில் அனுப்பலாம். போர்ட்டுக்கு 18 டிபிஎம் தரும் ஈ.டி.எஃப்.ஏ. (வெளிச்சத்தைக் கூட்டும் கருவி) இருந்தால், மேற்சொன்ன பிரிப்பில் வீட்டுக்குக் கழித்தல் 5 சொச்சம் கிடைக்கும். அது போதும். இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஃபைபர் முனையைக் கண்ணெதிரே பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ள பையன்களை முதல் நாளே கண்டியுங்கள்.

"எல்லாம் சரியா இருக்கு, இன்டர்நெட் ஓடுது, டிவி மட்டும் வரல."

கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. பச்சையை நீலத்தில் சொருகினால் நடுவில் இடைவெளி விழும். வெளிச்சம் வீணாகும், கொஞ்சம் திரும்பியும் போகும். இன்டர்நெட் கையிருப்பை வைத்துத் தாங்கிக்கொள்ளும், டிவி தாங்காது. நிறம் சரியென்றால் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். வேட்டி நுனியால் துடைப்பது கீறலைத்தான் தரும்.

"கோயில் கொடைத் திருவிழாவ லைவா போடணும். சத்தம் மட்டும் எப்பவும் கேவலமா வருது."

கேமராவில் உள்ள மைக்கை நம்புவதால்தான். மைக்செட்காரர் மிக்ஸரிலிருந்து லைன் அவுட் வாங்குங்கள். இடையில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஜெனரேட்டரின் உறுமல் வராது. மிக்ஸரின் அளவு கேமராவின் மைக் நுழைவுக்கு மிக அதிகம்; கேமராவை லைன் நிலைக்கு மாற்றாமல் சொருகினால் குரல் கிழியும்.

வில்லுப்பாட்டுக்கு மிக்ஸர் சத்தம் மட்டும் போதாது. மேடையில் புலவருக்கு ஒரு மைக்தான் உயரமாக இருக்கும். குடம் அதில் தூரத்தில் தட்டுவது போல் கேட்கும். குடத்தின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாக, தாழ்ந்த தாங்கியில் தனி மைக் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மட்டை விழும்போது வரும் காற்று 'புஸ்' என்று அடிக்கும். வில்லின் மணிகளுக்குத் தனி மைக் வேண்டாம், அவை எல்லா மைக்கிலும் தாராளமாக ஏறும். உடுக்கைக்காரர் ஆவேசத்தில் முன்னே சாய்வார், அதனால் அந்தப் பக்கத்தில் அளவைக் குறைத்தே வைத்திருங்கள். கணியான் கூத்துக்கு மகுடம் என்ற தோல்வாத்தியம் ரெண்டு, ஆட்டக்காரர் நகர்ந்துகொண்டே இருப்பார். மேடை விளிம்பில் ரெண்டு மைக் படுக்க வைத்தால் சரியாக வரும்.

ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அரசு விலக்கு கொடுத்தாலும் அது நடுராத்திரி வரைதான். நடுச்சாமத்தில் நடக்கும் சாமக்கொடை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். வயசானவர்கள் வீட்டிலிருந்தே அதைப் பார்ப்பது உங்கள் சேனலில்தான். ஊர்ச் சேனலுக்கு இதைவிடப் பெரிய நியாயம் கிடையாது.

"ஊர்ச் சேனலுக்கு அனுமதி வேணுமா? ராத்திரி ஒரு புதுப் படம் போடலாமா?"

2022 நவம்பர் 30 வழிகாட்டு நெறிகளின்படி எம்.எஸ்.ஓ. பெயரில், சேனலுக்கு 1,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். அவரால் கொண்டுசெல்ல முடிகிற மொத்தச் சேனல் எண்ணிக்கையில் இவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஓடியதையெல்லாம் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலியும் ஜவுளிக்கடை விளம்பரமும் தாராளமாகப் போடலாம், மது புகையிலை கூடாது.

படம், உரிமை வாங்காமல் கூடவே கூடாது. பதிப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். கொடை லைவில் இடையே சினிமாப் பாட்டு ஒலித்தால் அந்த நேரம் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

"இன்டர்நெட் குடுக்க நமக்கு லைசென்ஸ் வேணுமா?"

லைசென்ஸ் உள்ள ஐ.எஸ்.பி.யின் (இன்டர்நெட் நிறுவனத்தின்) பங்காளியாக, அவர் பெயரில் பில் போட்டுக் கொடுத்தால் உங்களுக்குத் தனியாக வேண்டாம். உங்கள் பெயரிலேயே விற்றால் வேண்டும். வாடிக்கையாளரின் அடையாளச் சான்றை வாங்காமல் ஒரு இணைப்பும் கொடுக்காதீர்கள். குற்றம் ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் வயர் இழுத்தவரிடம்தான் வரும்.

"என் ஏரியாவுக்குள்ள இன்னொருத்தன் வயர் இழுக்கான். தடுக்க முடியுமா?"

சட்டப்படி முடியாது. பதிவுச் சான்று எந்தத் தெருவையும் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. 'ஏரியா' என்பது நமக்குள் இருந்துவரும் மரியாதை மட்டும்தான். வயரை வெட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அவர் விலையைக் குறைப்பார், உங்களால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. ஆனால் புகார் வந்த அன்றே சாயங்காலத்துக்குள் ஆள் போனால் வீடு நகராது. தேர் ஓடும் வீதியில் வயரை இறக்கி, தேர் நிலைக்கு வந்த அன்றே ஏற்றிக் கட்டுகிறவர் யார் என்று ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு வசதியாக வீதியைக் கடக்கும் இடங்களில் 10, 15 மீட்டர் உபரி சுருட்டி வைத்திருங்கள்.

"பக்கத்து ஊர் லைன் விலைக்கு வருது. என்ன பாத்து வாங்கணும்?"

பாக்ஸ் எண்ணிக்கையை நம்பி விலை பேசாதீர்கள். எம்.எஸ்.ஓ.வின் கணினியிலிருந்து கடைசி மூன்று மாதமும் பணம் கட்டி ஓடிய பாக்ஸ் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். 600 என்று சொன்ன லைனில் அதில் பாதிதான் உயிரோடு இருக்கும் என்பதும் நடப்பதுதான். பிறகு எம்.எஸ்.ஓ.வுக்குப் பாக்கி, மின்வாரியத்துக்குக் கம்பத்து வாடகைப் பாக்கி ரெண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த வாடகைப் பாக்கி, லைனை வாங்குகிறவர் தலையில்தான் விழும். ஆம்ப்புக்கு எந்தெந்த வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள், அவர்களுக்கு இனாம் இணைப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். கடைசியாக லைனை நடந்தே பாருங்கள். பழைய செம்பு வயரான கோஆக்ஸ் மட்டும் என்றால் ஃபைபருக்கு மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

"அப்பா தவறிட்டாங்க. எல்லாம் அவங்க பேர்லதான் இருக்கு."

முதல் வாரமே எம்.எஸ்.ஓ.வுக்கு எழுதிக் கொடுங்கள், சிக்னல் நிற்காமல் இருக்கட்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு, உங்கள் பெயரில் புதுப் பதிவு எடுங்கள் (மேலே பதிவுக் கேள்வியில் சொன்ன வழி). அந்தச் சான்று எண்ணை வைத்து எம்.எஸ்.ஓ.வோடு புது ஒப்பந்தம் போட்டு, எல்லாப் பாக்ஸ்களையும் உங்கள் குறியீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். தனி ஆள் பெயரில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணைத் தொடர முடியாது. புது எண் எடுத்து, மிச்ச வரி வரவை ஐ.டி.சி.02 படிவத்தில் மாற்ற வேண்டும். இந்த வரிசை பிசகினால் பழைய எண் மூடி, புது எண் வராமல், நடுவில் பில் போட முடியாத மாதம் ஒன்று வரும்.

தாளில் இல்லாத சொத்து ஒன்று உண்டு: எந்த ஜாயின்ட் எந்தச் சுவருக்குள், எந்த ஃபைபர் நிறம் எந்தத் தெருவுக்கு என்பது அப்பா தலையில் மட்டும் இருந்திருக்கும். அவரோடு ஓடிய பழைய லைன்மேனை வைத்து ஒரு வாரம் நடந்து வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிடாதீர்கள்.

"2023 வெள்ளம் மாதிரி வந்தா என்ன செய்ய?"

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஃபைபர் பிழைத்தது, பெட்டிகள்தான் செத்தன. ஓ.எல்.டி.யும் பேட்டரியும் தரைத்தளத்தில் வேண்டாம். ஜாயின்ட் பெட்டி வாய் கீழ்நோக்கித் தொங்கும் வகையாக இருக்கட்டும். தண்ணீர் வடிந்ததும் கரண்ட் கொடுக்க அவசரப்படாமல், பெட்டியைத் திறந்து காய வைத்து, முனைகளை ஆல்கஹாலில் துடைத்து, மின் அடாப்டர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதி ஓ.என்.யு. திரும்ப எழும்பலாம்.

"எல்லாரும் போன்லயே பாக்காங்க. இலவச டிஷ்ஷும் இருக்கு. வித்துட்டுப் போயிரலாமா?"

டிவி மட்டும் கொடுக்கிற கோஆக்ஸ் லைன் என்றால், விலை இருக்கும்போதே பேசுங்கள். வருஷத்துக்கு வருஷம் குறையும். ஃபைபர் போட்டு, வாடிக்கையாளரில் ஒரு பகுதி இன்டர்நெட்டுக்கு வந்திருந்தால் விற்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. போனில் பார்க்கிறவருக்கும் வீட்டுக்கு ஒரு வயர் தேவைப்படுகிறது. அது உங்களுடையதாக இருந்தால் போதும்.

நடுவில் நிற்கிறவர்கள் ஊர் முழுக்க ஒரே மூச்சில் மாற்றக் கடன் வாங்காதீர்கள். பணம் ஒழுங்காகத் தரும் ஒரு தெருவை எடுத்து, மேலே சொன்ன வெளிச்சக் கணக்கைப் போட்டு, ஒரு போர்ட் மட்டும் ஓட்டுங்கள். பழைய கோஆக்ஸை மூன்று மாதம் கழற்றாமல் விட்டு வையுங்கள். அந்தத் தெருவில் பாதி வீடு இன்டர்நெட் எடுத்தால் அடுத்த தெருவுக்குப் போங்கள். எடுக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, ஏன் எடுக்கவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்.